வீட்டில் கார் சார்ஜ் செய்ய மலிவு இறக்குமதி கேபிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சாரக் காருடன் வந்த கேபிள் ஒன்று. சொந்த ஊரில் போட்டுவைக்க இன்னொன்று வேண்டும் என்று தேடும்போதுதான் இந்தச் சந்தேகங்கள் எல்லாம் வருகின்றன. இங்கே பேசுவது சுவரில் உள்ள மூன்று முள் பவர் பிளக்கில் செருகி, காரின் டைப் 2 வாயில் (ஏழு ஓட்டை உள்ள சார்ஜிங் வாய்) மாட்டும் கேபிள்களைப் பற்றி. மின்சாரம் 230 வோல்ட், ஒற்றை ஃபேஸ். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

நடுவுல தொங்குற பெட்டிதானே சார்ஜர்?

இல்லை. சார்ஜர் காருக்குள் இருக்கிறது. வீட்டு மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற நேர்மின்சாரமாக மாற்றுவது அதுதான். பெட்டி ஒரு காவல்காரன். எர்த் இருக்கிறதா என்று பார்க்கும்; மின்சாரம் எங்காவது கசிந்தால் துண்டிக்கும்; எத்தனை ஆம்பியர் வரை இழுக்கலாம் என்று காருக்குச் சொல்லும்.

மூன்றாவது வேலையைக் கொஞ்சம் கவனியுங்கள். டைப் 2 முனையின் மேல்வரிசையில் இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். அதில் ஒன்றின் வழியாக, நொடிக்கு 1000 தடவை துடிக்கும் 12 வோல்ட் சமிக்ஞை போகிறது. ஒவ்வொரு துடிப்பும் 16.7 சதவீத நேரம் உயர்ந்து நின்றால் அதற்குப் பொருள் '10 ஆம்பியர்'. 26.7 சதவீதம் என்றால் '16 ஆம்பியர்'. கார் அதைத் தாண்டி இழுக்காது. ஆனால் கேபிளுக்குள் கம்பி எவ்வளவு தடிமன், சுவர் பிளக் தாங்குமா என்பதெல்லாம் காருக்குத் தெரியாது. பெட்டி 16 என்றால் கார் 16 என்று நம்பும். மலிவு கேபிளின் சிக்கல்கள் பாதி இங்கேதான் தொடங்குகின்றன.

ஆன்லைன்ல ஆறாயிரத்துக்கே கிடைக்குது. கம்பெனி கேபிள் மூணு மடங்கு விலை சொல்றாங்க. அப்படி என்னதான் வித்தியாசம்?

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. திரை, பொத்தான், பை எல்லாம் மலிவுக் கேபிளில்தான் பளபளப்பாக இருக்கும். மிச்சம் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத இடங்களில். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் 1.5, செம்புக்குப் பதில் செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம், இரண்டு கம்பியையும் துண்டிக்க வேண்டிய ரிலே ஒரு கம்பியை மட்டும் துண்டிப்பது, கசிவு உணரி இல்லாமலேயே பெட்டியில் அதன் விளக்கை மட்டும் எரியவைப்பது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது சுவர் பிளக்குக்குள் இருக்க வேண்டிய வெப்ப உணரி. நல்ல கேபிளில் பிளக் சூடானால் பெட்டி தானாகவே ஆம்பியரைக் குறைக்கும், இல்லையென்றால் நிறுத்திவிடும். எல்லாவற்றையும் சரிபார்க்க நேரமில்லை, ஒன்றே ஒன்று கேட்டு வாங்குவேன் என்றால் இதைக் கேளுங்கள். 'பெட்டிக்குள் வெப்பப் பாதுகாப்பு உண்டு' என்று விற்பவர் சொன்னால் அது வேறு கதை. எரிவது பெட்டி அல்ல, பிளக்.

கேபிள் லேசா சூடாகுது. அது சாதாரணம்தானே?

கேபிள் முழுக்க ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். 5 மீட்டர் நீளம், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, 15 ஆம்பியர் என்றால் மொத்தம் சுமார் 18 வாட் வெப்பம் வரும். 1.5 ஆக இருந்தால் சுமார் 30 வாட். இரண்டுமே 5 மீட்டர் நீளத்துக்கும் பரவிப் போகின்றன; விரித்துப் போட்டிருந்தால் காற்றில் ஆறிவிடும்.

ஒரே இடத்தில் சூடு என்றால் நிறுத்துங்கள். பிளக் முள்ளும் சாக்கெட்டின் பித்தளைத் தகடும் தொடும் இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தால்கூட, 15 ஆம்பியரில் 22 வாட் அந்த ஒரு புள்ளியிலேயே இறங்குகிறது. ரேடியோ கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைச் சாக்கெட்டுக்குள் சொருகி ராத்திரி முழுக்க விட்டதற்குச் சமம். சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து சுவிட்சை அணைக்காமல் பிளக்கின் பிளாஸ்டிக் முதுகில் விரலை வையுங்கள். 5 நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அது 60 டிகிரியை நெருங்கிவிட்டது.

அதே பிளக்ல கீஸர் பத்து வருஷமா ஓடுது. கார் ஓடாதா?

கீஸர் கால் மணி நேரம் ஓடும், தெர்மோஸ்டாட் அணைத்துவிடும், சாக்கெட் ஆறிவிடும். கார் 15 ஆம்பியரை எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். பத்து வருடம் செருகிப் பிடுங்கித் தளர்ந்த ஸ்ப்ரிங் கீஸரைத் தாங்கும், காரைத் தாங்காது.

காருக்கென்று மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள்: 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), ஐஎஸ்ஐ முத்திரையுள்ள 16 ஆம்பியர் சாக்கெட். ஏர் கண்டிஷனருக்குப் போடுகிற உலோக ஏசி பாக்ஸ் இன்னும் நல்லது. அந்த லைனில் வேறு எதையும் சேர்க்கக் கூடாது.

தனி லைன் வரும்வரை பெட்டியில் 10 ஆம்பியர் வையுங்கள். வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால், 15-லிருந்து 10-க்கு இறக்கினால் பாதிக்கும் கீழே வந்துவிடும்: 225-க்கு 100. தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குச் சுமார் 6 யூனிட் தேவை. 10 ஆம்பியரில் மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். ராத்திரி முழுக்க கார் சும்மாதானே நிற்கிறது?

32 ஆம்பியர் கேபிள், 7 கிலோவாட். கூடவே 16 ஆம்பியர் பிளக் அடாப்டர் இலவசம்னு போட்டிருக்கான். ரெண்டுக்கும் ஆகுமே?

வாங்க வேண்டாம். மலிவுக் கேபிள்களில் மிக ஆபத்தானது இந்த 'இலவசம்' வகைதான். 32 ஆம்பியருக்கு நீல நிறத் தொழிற்சாலை பிளக் வரும். அதன் தலையில் ஒரு குட்டி வயர், வயர் நுனியில் நம் ஊர் மூன்று முள் பிளக். அடாப்டர் மாட்டியிருப்பதைப் பெட்டி அறியாது. நேற்று வேறிடத்தில் 32 வைத்த அமைப்பு நினைவில் இருந்தால், 7 கிலோவாட் சார்ஜர் உள்ள கார் 16 ஆம்பியர் சாக்கெட்டில் 32 இழுக்கத் தொடங்கும். எம்சிபி துண்டிக்கும் என்று இருக்க வேண்டாம். 20 ஆம்பியர் எம்சிபி 32 ஆம்பியரில் துண்டிக்கப் பல நிமிடம் எடுத்துக்கொள்ளலாம், அதற்குள் பிளக் இளகிவிடும்.

3.3 கிலோவாட் சார்ஜர் உள்ள கார் என்றால் அது 15 ஆம்பியருக்கு மேல் கேட்காது, தப்பித்துக்கொள்வீர்கள். அப்படியானால் 32 ஆம்பியர் கேபிளுக்குக் கூடுதல் காசு கொடுப்பதே வீண். உண்மையிலேயே 7 கிலோவாட் வேண்டுமானால் 6 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, சுவரில் நிரந்தரமாகப் பொருத்தும் பெட்டி வாங்குங்கள்.

வந்த கேபிள்ல ரெண்டு உருண்டை முள் பிளக் இருக்கு. நம்ம ஊர் 5 ஆம்பியர் சாக்கெட்டுக்குள்ள போகுது. அப்படியே போடலாமா?

அது ஐரோப்பியப் பிளக். உள்ளே போகும், அதுதான் கெடுதல். அதன் முள் 4.8 மில்லிமீட்டர்; நம் சின்ன சாக்கெட்டின் ஓட்டை சுமார் 5.1 மில்லிமீட்டர் முள்ளுக்கானது. அந்த இடைவெளியில்தான் பொறி பறக்கும். அதைவிட மோசம், ஐரோப்பியப் பிளக்கில் எர்த் முள் கிடையாது. பக்கவாட்டில் இரண்டு தகடுகள்தான் எர்த், அவை நம் சாக்கெட்டில் எதையும் தொடாது. நல்ல பெட்டி எர்த் இல்லை என்று சொல்லி மறுத்துவிடும். மலிவுப் பெட்டி பேசாமல் சார்ஜ் செய்யும்.

யுனிவர்சல் அடாப்டரும் தீர்வு இல்லை. அது செல்போனுக்கான தகடு.

பெட்டியில சிஇ முத்திரை இருக்கு, போதாதா?

சிஇ ஐரோப்பியச் சந்தைக்கான முத்திரை. பெரும்பாலான மின்பொருள்களில் தயாரித்தவரே சொந்தப் பொறுப்பில் ஒட்டிக்கொள்வது. ஒட்டியிருப்பதால் யாரோ சோதித்தார்கள் என்று ஆகிவிடாது. தேட வேண்டியது எண்கள்: இந்த வகைக் கேபிள் பெட்டிக்கு ஐஇசி 62752, இந்தியாவில் மின்வாகனச் சார்ஜிங்குக்கு ஐஎஸ் 17017 வரிசை, மூன்று முள் பிளக்குக்கு ஐஎஸ் 1293.

எண்ணை அச்சடிப்பது யாருக்கும் எளிது. ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதற்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று வரும். பிளக்கின் உரிமத்தைக் காட்டி மொத்தக் கேபிளும் சான்று பெற்றது என்று விற்பது வழக்கமான தந்திரம்.

உள்ள செம்பா அலுமினியமான்னு வெட்டாம எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் எடை. மூன்று கம்பி, 2.5 சதுர மில்லிமீட்டர், 5 மீட்டர் என்றால் செம்பு மட்டுமே சுமார் 335 கிராம். செம்புப் பூச்சு அலுமினியம் என்றால் 130 கிராம் சுமார். நீளமும் தடிமனும் ஒன்றாக இருக்கும் இரண்டு கேபிளைக் கையில் தூக்கினாலே தெரியும். இரண்டாவது, கேபிளின் மேலுறையில் தடிமன் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். '3 இன்டு 2.5' என்று இருக்க வேண்டும், கூடவே சமிக்ஞைக்கு ஒரு மெல்லிய கம்பி. மொட்டையாக 16 ஆம்பியர் என்று மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சாதாரண மல்டிமீட்டரில் ஓம் அளந்து பார்ப்பது பயன்படாது. 5 மீட்டர் கேபிளின் தடை 0.1 ஓமுக்கும் கீழே, மீட்டரின் முனை வயர்களே அதைவிட அதிகம் காட்டும். பிளக்கைத் திருகு கழற்றித் திறக்க முடிந்தால் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். அதன் தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்கு. தவிர, திருகின் அடியில் அலுமினியம் நாளாக நாளாக நசுங்கித் தளரும். அந்தத் தளர்ச்சிதான் மேலே சொன்ன 22 வாட் புள்ளியாக மாறுகிறது.

பார்க்கிங் வரைக்கும் எட்டலை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடலாமா?

கடையில் கிடைக்கும் நாலு ஓட்டை ஸ்பைக் பஸ்டரைப் போடவே கூடாது. அதன் உள்தகடு காருக்கானது அல்ல. ஒவ்வொரு இணைப்பும் இன்னொரு சூடான புள்ளி. கார் பக்கம் டைப் 2 முனையை நீட்டும் எக்ஸ்டென்ஷனும் விற்கிறார்கள், அதையும் தவிருங்கள்.

எட்டவில்லை என்றால் சாக்கெட்டைத்தான் நகர்த்த வேண்டும். ஒரு நாள் அவசரத்துக்கு என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கம்பி, ஒரே ஒரு 16 ஆம்பியர் சாக்கெட், பெட்டியில் 8 ஆம்பியர். முழுக்க விரித்துப் போடுங்கள். சுருட்டி வைத்தால் உள்சுருள்களின் சூடு வெளியேற வழியில்லை.

மழையில சார்ஜ் போடலாமா? ஐபி 67னு எழுதியிருக்கு.

தூசி, தண்ணீர் தாங்கும் திறனைக் காட்டும் அந்த எண் பெரும்பாலும் பெட்டிக்கு மட்டும். சுவர் பிளக் நனையவே கூடாது. கூரைக்கு அடியில் மூடியுள்ள பாக்ஸ் வேண்டும். கார் பக்க முனை மாட்டியிருக்கும்போது தூறலைத் தாங்கும். கழற்றித் தரையில் போட்டால் தாங்காது, எனவே மூடியை மாட்டி உயரத்தில் தொங்கவிடுங்கள்.

பெட்டியை ஓர் ஆணியில் தாங்கலாக மாட்டுங்கள். மழைக்காக மட்டும் அல்ல: ஒன்றரைக் கிலோ எடை பிளக்கைக் கீழே இழுத்தபடி இருந்தால் மேல் முள் தளர்ந்துவிடும்.

எர்த் விளக்கு சிவப்பா எரியுது, சார்ஜ் ஏறலை. எலக்ட்ரீஷியன் நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள்ள சேர்த்துட்டா போதும்ங்கிறார். சேர்க்கலாமா?

கூடாது. விளக்கு பச்சையாகும், சார்ஜும் ஏறும். ஆனால் என்றைக்காவது அந்த லைனில் நியூட்ரல் விட்டுப்போனால், ஃபேஸ் மின்சாரம் காரின் உள்சார்ஜர் வழியாக நியூட்ரலுக்கு வந்து, அங்கிருந்து எர்த் கம்பி வழியாகக் காரின் உடம்புக்கு வந்துவிடும். டயர் ரப்பர் என்பதால் கார் தரையோடு தொடர்பில்லாமல் நிற்கிறது. கதவைத் தொடுபவர்தான் எர்த். 'டம்மி எர்த்' என்று விற்கிற குட்டிப் பிளக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது.

மல்டிமீட்டரை எடுத்து சாக்கெட்டில் மூன்று அளவு பாருங்கள். ஃபேஸ்-நியூட்ரல் 230 என்றால் ஃபேஸ்-எர்த்தும் ஏறக்குறைய அதே இருக்க வேண்டும், நியூட்ரல்-எர்த் சில வோல்ட்டுக்குள். நியூட்ரல்-எர்த் 20, 30 என்று காட்டினால் எர்த் குழி காய்ந்திருக்கலாம், அல்லது குழியிலிருந்து வரும் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கலாம். சித்திரை, வைகாசியில் இந்தப் புகார் கூடுவதற்குக் காரணம் மண்ணின் ஈரம் போவதுதான். குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துச் சரியானால் நோய் தெரிந்துவிட்டது. கரி, உப்பு போட்டுக் குழியைப் புதுப்பிக்க வேண்டும், முடிந்தால் காருக்குத் தனிக் குழி.

சில வீடுகளில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் சிவப்பு எரியும். அதற்கு சாக்கெட்டில் இரண்டு வயரை மாற்றிப்போட்டால் போதும்.

வீட்டுல ஏற்கெனவே ஆர்சிசிபி இருக்கே, பெட்டியில கசிவு உணரி எதுக்கு?

ஆர்சிசிபி என்பது மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஏசி வகை, 30 மில்லி ஆம்பியர். அது மாறுமின்சாரக் கசிவை மட்டும்தான் பிடிக்கும். காரின் சார்ஜரில் கோளாறு வந்தால் நேர்மின்சாரமும் கசியலாம். அந்தக் கசிவு ஆர்சிசிபியின் இரும்பு வளையத்தை மந்தமாக்கிவிடும். அதற்குப் பிறகு குளியலறையில் ஒருவருக்கு ஷாக் அடித்தாலும் அது துண்டிக்காமல் போகலாம். அதனால்தான் நல்ல பெட்டிகளில் 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவிலேயே துண்டிக்கும் உணரி வைக்கிறார்கள். விளம்பரத்தில் 'ஏ வகை + 6 மில்லி ஆம்பியர் டிசி' என்று இருக்கிறதா பாருங்கள். காரின் தனி லைனுக்கும் ஏ வகை ஆர்சிசிபி போடுங்கள்.

பெட்டியே இல்லாம, ஒரு பக்கம் பிளக், ஒரு பக்கம் டைப் 2. அதுவும் விக்கிறாங்களே?

பிளக்குக்குள் ஒரு சின்னச் சர்க்யூட்டை ஒளித்து, காருக்கு '16 ஆம்பியர்' என்று சொல்லவைக்கிறார்கள். துண்டிக்க ரிலே இருக்காது, எர்த் சோதனையும் கசிவு உணரியும் இருக்காது. முனையைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கும்போதும் உள்ளே 230 வோல்ட் இருக்கும். வேண்டாம்.

ஜப்பான்ல இருந்து இறக்கின லீஃப் கார். கூட வந்த கேபிள்ல 200 வோல்ட் எண்டு போட்டிருக்கு. இலங்கையில 13 ஆம்பியர் பிளக் மாத்திப் பாவிக்கலாமோ?

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100, 200 வோல்ட். பெட்டியில் 200 மட்டும் எழுதியிருந்தால் 230-க்கு அது உறுதி தரப்படாதது. உள்ளே மின்னெழுச்சி தாங்கும் பாகம் முதலில் போகும். பெட்டியில் 240 வரை என்று இருந்தால் அந்தக் கவலை இல்லை.

பிளக் மாற்றுவது தனிப் பிரச்சினை. அந்தப் பெட்டி காருக்கு 15 ஆம்பியர் என்று சொல்லும், நீங்கள் மாட்டுவது 13 ஆம்பியர் சதுர முள். உள்ளே இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ் 15-இல் எரிந்து காப்பாற்றாது. மணிக்கணக்கில் சூடாகி பிளக்கைக் கருக்கும். சதுர முள் பிளக்கில் விடாமல் இழுக்க 10 ஆம்பியரே எல்லை. ஆம்பியரைக் குறைக்க முடியாத பெட்டி என்றால் அதற்கேற்ற சாக்கெட்டுடன் தனி லைன் போடுங்கள். வேறு கேபிள் வாங்கினால், இந்தக் காரின் முனை டைப் 2 அல்ல, டைப் 1 என்பதை மறக்க வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிட்டேன். முதல் தடவை போடறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

மின்சாரம் இல்லாமல் முதலில். மல்டிமீட்டரின் ஒரு முனை பிளக்கின் பெரிய எர்த் முள்ளில், இன்னொன்று டைப் 2 முனையின் நட்டநடு ஓட்டையில்: 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். (எர்த்தையும் உள்ளே துண்டித்து வைக்கும் சில தரமான பெட்டிகள் உண்டு, அவற்றின் கையேட்டில் எழுதியிருக்கும்.) அடுத்து, மேல்வரிசைச் சின்ன ஓட்டைகளில் ஒன்றுக்கும் நடு ஓட்டைக்கும் இடையே உள்ள ரெசிஸ்டர். 1500 ஓம் என்றால் 13 ஆம்பியர் கேபிள், 680 என்றால் 20, 220 என்றால் 32. ஒல்லிக் கேபிளில் 220 இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

பிறகு காரை மாட்டாமல் மின்சாரம் கொடுத்து 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள், பெட்டி துண்டிக்க வேண்டும். பொத்தானே இல்லாத பெட்டிகள் தானே சோதித்துக்கொள்வதாகச் சொல்லும், அதை நம்புவதா என்பது உங்கள் பாடு. முதல் நாள் 8 ஆம்பியரில் அரை மணி, அடுத்து 10-இல் ஒரு மணி, பிறகுதான் 15. ஒவ்வொரு கட்டத்திலும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்.

தனி லைன் இன்னும் போடாமல், காரின் லைனிலேயே இன்னொரு சாக்கெட் இருந்தால், 15 ஓடும்போது மெயின் போர்டிலும் அதிலும் வோல்ட் அளந்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். வித்தியாசம் 3 வோல்ட் என்றால் வயரின் இயல்பு. 5-ஐத் தாண்டினால் 75 வாட் சுவருக்குள் எங்கோ இறங்குகிறது. தளர்ந்த திருகைத் தேடுங்கள்.

10 வைச்சிருக்கேன், உண்மையிலேயே 10தான் போகுதா? கிளாம்ப் மீட்டரை கேபிள்ல மாட்டினா பூஜ்யம் காட்டுதே?

போகிற கம்பியும் வருகிற கம்பியும் ஒரே உறைக்குள் இருப்பதால் ஒன்றை ஒன்று கழித்துவிடும். பூஜ்யம்தான் வர வேண்டும். எம்சிபியிலிருந்து கிளம்பும் ஃபேஸ் வயரை மட்டும் கிளாம்புக்குள் விட்டு அளவிடுங்கள். 10 வைத்து 13, 14 காட்டினால் பெட்டியின் சமிக்ஞையே தவறு, அதன் 16-ஐ நம்ப முடியாது.

கழட்டும்போது 'டப்'னு பொறி வருது. எதுல முதல்ல அணைக்கணும்?

முதலில் கார். திரையிலோ பூட்டைத் திறந்தோ சார்ஜை நிறுத்துங்கள், 'டக்' என்று ரிலே விடும் ஒலி கேட்கும். பிறகு கார் முனை, பிறகு சுவர் சுவிட்ச். 15 ஆம்பியர் ஓடும்போது சுவர் சுவிட்சைத் தட்டினால் அதன் முனை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எரியும்.

காரில் நிறுத்திய பிறகும் பொறி வந்தாலோ, முனை கழன்ற பிறகும் பெட்டியில் சார்ஜிங் விளக்கு எரிந்தாலோ, ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு, முனையின் நடுவரிசையில் எர்த்துக்கு இரு பக்க ஓட்டைகளையும் பிளக்கின் இரண்டு முட்களோடு மல்டிமீட்டரில் சோதியுங்கள். எதுவும் தொடர்பு காட்டக் கூடாது. பீப் வந்தால் அந்தப் பெட்டி முடிந்தது, பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள்.

பிளக் கொஞ்சம் கருகிடுச்சு. பிளக்கை மட்டும் மாத்தினா போதுமா?

போதாது. சூடு பட்ட சாக்கெட்டின் ஸ்ப்ரிங் இறுக்கத்தை இழந்திருக்கும், புதுப் பிளக்கையும் அது கருக்கும். சாக்கெட்டையும், அதற்குள் காப்பு கருகிய வயரையும் நல்ல நிறம் வரும்வரை வெட்டி மாற்ற வேண்டும். வெப்ப உணரியோடு வார்த்த பிளக் என்றால் வெட்டி வேறு பிளக் மாட்டியதும் உணரி போய்விடும். சில பெட்டிகள் அதன் பிறகு ஓடவே ஓடாது. ஓடுகிற பெட்டிதான் கவலை தர வேண்டியது, ஏனென்றால் பிளக்கின் சூட்டை அது இனி அறியாது. அதை 8 ஆம்பியருக்கு மேல் வைக்காதீர்கள்.